ஆறாம் மாத விக்கல்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. முதலிலேயே அதை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாரிக்கனி, தன் வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு அரைப்பக்கம் எழுதித் தரச் சொன்னாள். "நீங்கதான் கதையெல்லாம் எழுதுதியளே அக்கா. எழுதிக் குடுங்க, பாத்து அப்படியே சொல்லிருதேன்" என்றாள். சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வயிற்றில் பிள்ளை இல்லை. இரண்டு மாதமாகவே இல்லை.

அவள் வீட்டுக்காரர் விஜயபாண்டி ராணுவத்தில் நாயக் ரேங்க். வடக்கே ஒரு மலை உச்சிக் காவல் சாவடியில் இருந்தவர். லீவு கிடைத்து ரயிலேறிவிட்டார். நாளைக் காலை ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்குவார். அவரைப் பொறுத்தவரை மாரிக்கனிக்கு இது ஏழாம் மாதம். வளைகாப்புக்குத்தான் வருகிறார்.

நான் ஹெப்சிபா. தினமும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் ஒரு டிடிபி கடையில் டைப் அடிக்கிறேன். ஏழெட்டுக் கதை பத்திரிகைகளில் வந்திருக்கிறது. (பால்கோவா இந்தக் கதையில் வராது. தேடவேண்டாம்.) பட்டா மனு, வாரிசுச் சான்று மனு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இந்த அரைப்பக்கம் மட்டும் நான்கு நாளாக வரமாட்டேன் என்கிறது. அதற்குப் பதிலாக இது வந்துகொண்டிருக்கிறது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"தேசத்தின் எல்லையைக் காக்கும் வீரனின் மனைவி அவள். அவள் கண்களில்"

சீ. பள்ளிக்கூடத்துச் சுதந்திர தினப் பேச்சு மாதிரி இருக்கிறது. மாரிக்கனியின் கண்ணில் அப்படியெல்லாம் ஒன்றும் தெரிந்ததில்லை. தூக்கம் கெட்ட கண், அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "சிலிண்டர் வந்த அன்று மாரிக்கனி அழுதாள்."

இது பரவாயில்லை. நடந்ததும்கூட. கல்யாணமாகி நாற்பது நாளில் அவர் போய்விட்டார். ரெகுலேட்டரை மாட்டத் தெரியவில்லை, தொடவே பயம். கீழே வந்து என்னிடம் கேட்கக் கூச்சம். இரண்டு நாள் டீகூடப் போடாமல் கிடந்திருக்கிறாள். அது ஒரு காலம். இப்போது தெருவில் யார் வீட்டு மோட்டார் ஓடாவிட்டாலும் "மாரியக் கூப்பிடு" என்கிறார்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிறாள், ஃபியூஸ் கட்டுகிறாள், மிலிட்டரி கேன்டீன் சாமானைத் தனியாகப் போய் வாங்கி வருகிறாள்.

போன் ஒன்றுக்கு மட்டும் அவள் பழகவே இல்லை. குளிக்கப் போனாலும் பாலிதீன் கவரில் போட்டு உள்ளே கொண்டுபோவாள். தெரியாத நம்பர் வந்தால் தரையில் உட்கார்ந்துகொண்டுதான் எடுப்பாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "நின்னுக்கிட்டு எடுத்து, எதும் சொல்லிட்டாகன்னா விழுந்திருவேன்லா?" என்றாள். நியூஸ் சேனல் நாள் முழுக்க ஓடும், சத்தமில்லாமல். சத்தம் வைத்தால் அவர் பேரைச் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

[இந்தப் பகுதியை விரிவாக எழுதலாம். நேரமில்லை. ரயில் வருகிறது.]

3

ஐந்தாம் மாதம் ஸ்கேனுக்குப் போனோம். மாமியார் குருவம்மாள் மகாராஜபுரத்திலிருந்து வந்திருந்தார். நான் கடைக்கு லீவு போட்டிருந்தேன். டாக்டரம்மா கருவியை ஒரே இடத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். துடிப்பு இல்லை. "யார் மேலயும் தப்பு இல்லம்மா, சிலருக்கு இப்படி ஆயிரும்" என்றார். மறுநாள் எல்லாம் முடிந்தது.

[இங்கே ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது. அதனால்தான் எடுத்தேன்.]

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய போன் வந்தது. மேலே சாவடியில் நெட் கிடையாது. வாரத்துக்கு ஒருதரம், ஐந்து நிமிடம், அதுவும் வரிசையில் நின்று பேசவேண்டும். மாரிக்கனி வாயைத் திறப்பதற்குள் குருவம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்காகய்யா. ரெண்டு பேரும் நல்லா இருக்காக. நீ பதனமா இரு."

வைத்த பிறகு மருமகளிடம் சொன்னார்: "பனியில துப்பாக்கியோட நிக்கிற பய. மனசு கலங்கி ஒரு எட்டு தப்பா எடுத்து வச்சான்னா என்ன செய்ய? கீழ எறங்கி வரட்டும், பொறவு சொல்லிக்கிடலாம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. தெருவுக்கும் சரியென்று பட்டது. ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளில் செய்கிறதுதான். கூடப்பிறந்தவன் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் "எல்லாரும் சௌக்கியம்" என்றுதான் சேதி போகும். ஆக, தெரு முழுக்க விஷயம் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது.

4

அடுத்த ஞாயிறு அவர் கேட்டார்: "அசையுதா?"

"ம்" என்றாள்.

"எப்படி அசையுது? சொல்லேன்."

அதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஆறாம் மாசத்துல அது என்னென்ன செய்யும்?"

என் தப்பு இங்கேதான் தொடங்குகிறது. "ஏட்டி, போதும், உண்மையச் சொல்லிரு" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? விக்கல் எடுக்கும் என்றேன். தொப்புளுக்குக் கீழே, சின்னதாக, விட்டு விட்டு. நீ தண்ணீர் குடித்தாலும் நிற்காது, அதுவாக நிற்கிறபோதுதான் நிற்கும் என்றேன்.* நல்ல விவரம் ஒன்று வாயில் வந்துவிட்டால் எழுதுகிறவளுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், கர்மம், அது இடம் பொருள் பார்ப்பதில்லை.

(* விக்கல் என் மூத்த மகளுடையது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.)

மறு ஞாயிறு மாரிக்கனி அதை அப்படியே சொன்னாள். ஸ்பீக்கரில் அவர் சிரித்த சிரிப்பு எனக்குக் கீழே கேட்டது. அதற்கடுத்த வாரம் அவளே வந்து சொன்னாள்: "சாவடியில எல்லாத்துக்கிட்டயும் சொல்லிட்டாகளாம். பஞ்சாப்காரரு ஒருத்தரு தெனமும் கேக்காராம் அக்கா, ஒன் பிள்ளைக்கு விக்கல் நின்னுச்சான்னு." சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரித்தபடியே படியில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

5

குருவம்மாளை வில்லியாக்கிவிடலாம் என்று முதலில் நினைத்தேன். ரொம்பச் சுலபம். மாமியார், கிராமம், அதட்டல். வாசகர்கள் மீதியைத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். ஒரு பக்கம் அப்படி எழுதியும் பார்த்தேன்.

"குருவம்மாள் ஈவிரக்கமில்லாத"

அழித்துவிட்டேன். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்ததை வாங்க நான் கை நீட்டவில்லை. பின்னால் போய்விட்டேன். அந்த அம்மாள்தான் வாங்கினார். மடியில் வைத்துக்கொண்டு மகாராஜபுரம் வரைக்கும் ஆட்டோவில் போனார். தன் வயல் வரப்போரம் தன் கையாலேயே குழி தோண்டி, பால் ஊற்றி, மூடினார். அது எந்த இடம் என்று மாரிக்கனிக்குக்கூடச் சொல்லவில்லை. "அவன் வரட்டும். ரெண்டு பேத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போய்க் காட்டுதேன்" என்றார். இப்படிப்பட்டவரை எப்படி வில்லியாக்குவது? ஆகவே இந்தக் கதையில் வில்லி இடம் காலியாக இருக்கிறது. அடுத்து வரும் துண்டு விஷயத்தைப் படித்துவிட்டு நீங்களே ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் விஜயபாண்டி கீழே முகாமுக்கு இறங்கிவிட்டார். இனிமேல் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்திருந்தோம். முகாமில் நெட் உண்டு. வீடியோவில் வருகிறேன் என்று மெசேஜ் போட்டிருந்தார். மாடிக்குப் போனேன். மாரிக்கனி நைட்டியோடு நின்றாள், கையில் மடித்த குளியல் துண்டு.

"என்னட்டி இது?"

"வயித்தக் காட்டச் சொல்லுதாக."

"இன்னைக்குச் சொல்லிருவோம்னுதான பேசுனோம்?"

"செத்துப்போச்சுன்னு சொல்லிருவேன் அக்கா. அதுக்கு எனக்கு வாயி வந்திரும். விக்கல எப்படி இல்லேன்னு சொல்ல?"

போன் அடித்தது. அவள் துண்டை உள்ளே செருகினாள். போனைப் பிடித்தது நான். "கொஞ்சம் பக்கவாட்டுல திரும்பு" என்று சொன்னதும் நான்தான். அவர் தன் திரையில் தெரிந்த வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தார் போலிருக்கிறது. எங்களுக்கு இந்தப் பக்கம் எல்லாம் இருட்டாகிவிட்டது. கையை எடுத்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் மாரிக்கனி ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நான் துண்டைக் கொடியில் காயப்போட்டேன். அது நனையவே இல்லை, ஏன் காயப்போட்டேன் என்று தெரியவில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவு: அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். மனைவி மனம் நோகக்கூடாது என்று தெரியாததுபோல் இருந்தார். இறங்கியதும் "எனக்குத் தெரியும் புள்ள" என்று அணைத்துக்கொள்கிறார். பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போடுவார்கள். ஆனால் திரையில் கை வைத்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

இரண்டாவது: குருவம்மாளே ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிடுகிறார். கேட்டுப் பார்த்தேன். போனில் சொன்னார்: "பொய்யத் தொடங்குனது நாந்தான் தாயி. நான் சொன்னா அவன் எம்மேல கோவிச்சிட்டு முடிச்சிருவான். அவளுக்கு அவ மனசுல கெடக்குறது எறங்காது. அவதான் சொல்லணும்."

மூன்றாவதை எழுதவே கை கூசுகிறது. இது மாரிக்கனி சொன்னது. இன்று சாயங்காலம் மெதுவாகக் கேட்டாள்: "இன்னைக்குத்தான் படியில விழுந்து போச்சுன்னு சொல்லிட்டா என்ன அக்கா?" சொன்னால் விக்கல் தப்பிக்கும், துண்டு தப்பிக்கும், சாவடியில் கேட்ட பஞ்சாப்காரர்கூடத் தப்பிப்பார். கதையாகப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதைக் கண்டுதான் எனக்குப் பயம் வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. "யோசிப்போம்" என்றேன். ஏசுவே, "யோசிப்போம்" என்றேன்.

வேண்டாம் என்று சொன்னதும் அவள்தான்.

"இல்லக்கா. லீவு முடிஞ்சா அவிய திரும்ப மேல போயிருவாக. எங்க ரெண்டு பேத்துக்கும் நடுவுல இருக்கது அந்த அஞ்சு நிமிசக் கொரலு மட்டுந்தான். இனி நான் நல்லா இருக்கேன்னு சொன்னா அவிய நம்பணும். அவிய நல்லா இருக்கேன்னு சொன்னா நானும் நம்பணும்லா? அது போச்சுன்னா நான் எப்படி இருக்க?"

பிறகு கேட்டாள்: "அரைப்பக்கம் எழுதிட்டியளா?"

"காலையில தாரேன்" என்றேன்.

7

காலை. அரைப்பக்கம் எழுதவில்லை. மேலே உள்ளதுதான் இருக்கிறது.

மாடிக்குப் போனேன். கதவு பூட்டியிருக்கிறது. ஸ்கூட்டரைக் காணோம். போன் சுவிட்ச் ஆஃப். கல்யாணமான நாளிலிருந்து ஒரு நிமிடம்கூட அந்த போனை அணைத்துவைக்காதவள். தெருமுனை வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என் போனை எடுத்தால், விடியுமுன் அவள் அனுப்பிய குரல் செய்தி கிடக்கிறது.

"அக்கா, பயந்துராதிய. நான் வில்லிபுத்தூர் டேசனுக்குப் போறேன். அங்கனயே அவிய பெட்டியில ஏறிருதேன். ராசபாளையம் வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். வீட்டுக்கு வந்துட்டா தெருவே வந்து நிக்கும், பேசவே முடியாது. போன ஆஃப் பண்ணப் போறேன். நடுவுல அவிய கூப்பிட்டு எதும் கேட்டுட்டா நான் திரும்பியும் பொய் சொல்லிருவேன். நீங்க எழுதுனத நீங்களே வச்சுக்கிடுங்க. என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. பாத்துக்கிடுதேன்."

இதை மூன்று தரம் கேட்டேன். நான்கு நாளாக நான் தேடிய முடிவைவிட இது நல்ல முடிவு. ஒரு ஸ்டேஷன் தூரம், கால்மணி நேரம், எதிரெதிரே உட்கார்ந்து. இத்தோடு கதையை முடித்துவிடலாம் என்று எண்ணிக் கடைசி வரியை அடிக்க உட்கார்ந்தேன்.

"ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கியபோது, நடைமேடையில்"

என் போன் அடித்தது. தெரியாத நம்பர் இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று மாரிக்கனி தன் வீட்டுக்காரரிடம் என் நம்பரையும் என்னிடம் அவர் நம்பரையும் கொடுத்திருந்தாள்.

"அக்கா, நான் விஜயபாண்டி பேசுதேன். சிவகாசி தாண்டியாச்சு. அவ போனு ஆஃப்னே வருது. ஒருநாளும் அணைக்க மாட்டாளே அக்கா? இருபது தடவ போட்டுட்டேன். ரெண்டு பேரும் நல்லா இருக்காகளா? எதுவும் ஆயிருந்தா மறைக்காம சொல்லிருங்க அக்கா. ஒங்கள நம்பித்தான் கேக்கேன்."

"தம்பி" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

"நல்லா இருக்காக" என்றால் இந்த வீட்டிலிருந்து அவருக்கு இன்னொரு பொய் போகும். அவள் சொல்லிமுடித்த பிறகு இதையும் அவர் நினைத்துப் பார்ப்பார். உண்மையைச் சொன்னால், நடைமேடையில் நிற்கிறவள் வாயில் இருப்பதை நான் பிடுங்கியவளாவேன். போனில் கேட்டுவிட்டு அவர் என்ன நிலையில் இருப்பார், அவள் ஏறும்போது எந்த முகத்தைப் பார்ப்பாள்? பேசாமல் இருந்தால், பேசாமல் இருக்கிறேன் என்பதே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். இப்போதே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு ஒரு வரி வேண்டும். ஏழெட்டுக் கதை எழுதியவளுக்கு ஒரு வரி வரவில்லை. இதை இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அவர் வீட்டு விஷயம் இப்போது அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

"அக்கா? லைன்ல இருக்கியளா?"

போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன். சொல்லுங்கள்.