நடுஓடையில் மொச்சை

மார்கழிப் பனி ஜவ்வாது மலையில் இறங்கிவிட்டால் மொச்சைக் கொடியைக் கையில் பிடிக்க முடியாது. பூவும் பிஞ்சும் காயுமாக வேலியையே மூடிவிடும். அதன் வாசம் இருக்கிறதே, கதவைச் சாத்திப் படுத்தாலும் தேடி வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும். பிரியதர்ஷினி போர்வையைத் தலைவரை இழுத்துப் பார்த்தாள். போர்வைக்குள்ளும் வந்தது.

அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மசக்கை போன பின்னும் சோறு இறங்கவில்லை. வாய் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: உப்புப் போட்டு அவித்த பச்சை மொச்சைக் காய். காய் என்னவோ கொல்லையில் கை எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. ஆனால் ஊர்த் தலைவரான நாட்டார் முதல் கொத்தை அறுத்துச் சாமிக்குப் படைக்கும் வரை அந்த ஊரில் யாரும் புதுக்காயைத் தொடக் கூடாது; வெளியூர்க் காயும் எல்லைக்குள் வரக் கூடாது. நாட்டார் சக்கரவர்த்தியோ மலைப்பாதை வளைவில் வண்டியோடு விழுந்து, காலில் கட்டோடு திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"போன்ல வீடியோ போட்டு அவர் பாக்க, இங்க ஒருத்தர் அறுத்துட்டா இன்னா?" என்று அவள் புருஷன் மோகன் ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பார்த்தான்.

"டவருக்கே நீ புளியமரத்துல ஏர்றடா. சாமியையும் ஏறச் சொல்றியா?" என்றார் கோபால் பெரியவர். கூட்டம் சிரித்தது, கலைந்தது. காய் மட்டும் யாருக்கும் காத்திராமல் முற்றிக்கொண்டிருந்தது.

ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் தாய்வீடு. அங்கே சாமிக்குப் படைத்தாகிவிட்டது. வீட்டுக்கு வீடு அவித்துத் தின்கிறார்கள். போகலாமென்றால் ஏழு மாதம் முடிந்தவள் ஓடையைத் தாண்டக் கூடாது. திருட்டுத்தனமாக நாலு காய் பறிக்கலாமென்றாலோ மொச்சை காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிசுக்கு விரலில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் பொழுதுக்கும் மணக்கும். மாமியார் செல்லியம்மாள் தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் மருமகளின் கையை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். திட்டமாட்டாள். முகர்ந்துவிட்டுக் கையைத் திரும்ப அவள் மடியிலேயே வைப்பாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் பிரியாவுக்கு.

"துன்னா இன்னா ஆவும் அத்தே?"

"அடுத்த வருசம் கொடியில பூ நிக்காதுன்னுவாங்க. மாசமா இருக்கறவ வேற. எனக்கு பயமா கீதுடி."

அன்று காலை செல்லியம்மாள் ஓடையில் துணி அலசிவிட்டு வந்து, மருமகளுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். சீப்பு நெற்றிப் பக்கம் வந்தபோது பிரியா சட்டென்று மாமியார் கையைப் பிடித்தாள். முகர்ந்தாள்.

"அத்தே! மொச்சை!"

"கத்தாதடி."

"என்னை மோந்து மோந்து பாத்துட்டு, நீங்க துன்னீங்களா?"

செல்லியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "துன்னல. உப்பு பாத்தேன். ஓடைக்கு அக்கரையில உங்கம்மா சட்டியோட நிக்குது. எம்பொண்ணுக்குக் குடுக்க வழி இல்லியான்னு அழுவுது. நான் இன்னா பண்ணுவேன்?"

பிரியாவுக்குக் கண் நிறைந்து, தாடை வழியே வழிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த செல்லியம்மாள் சீப்பைக் கூரையில் செருகினாள்.

"எழுந்துரு. ஓடை நடுவுல ஒரு பாறை கீதில்ல?"

"கீது."

"அது எந்த ஊரு?"

பிரியாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. "எந்த ஊரும் இல்ல."

"பாதி ஓடை போனா, தாண்டுனதா ஆவுமா?"

கணுக்கால் தண்ணீரில், மாமியார் தோளைப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்துப் பாறைக்குப் போனாள். அந்தப் பக்கமிருந்து அவள் அம்மா குப்பம்மாள் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்து முகத்தில் அடித்தது. பிரியா ஒரு காயைப் பல்லிடுக்கில் வைத்து இழுத்தாள். பச்சைக் கொட்டை வெண்ணெயாக நாக்கில் விழுந்தது. அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. தோல் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டே இருந்தது.

"மெதுவா துன்னு கண்ணு, யாரும் புடுங்கல," என்றாள் குப்பம்மாள். பிறகு சம்மந்தியைப் பார்த்து, "நீயும் எடேன் அண்ணி," என்றாள்.

"உப்புதான் பாத்தாச்சே," என்ற செல்லியம்மாள் சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "சரி, இன்னொருவாட்டி பாக்கறேன்," என்று கை நிறைய அள்ளினாள்.

சட்டி காலியானது. மணலைப் போட்டுத் தேய்த்தார்கள். வாசம் போகவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்து, குனிந்த தலையோடு வீடு வந்து சேர்ந்ததும் செல்லியம்மாள் ஒரு கூடைச் சாணத்தை வாசலில் கொட்டினாள். இருவரும் உட்கார்ந்து மெழுகத் தொடங்கினார்கள்.

வழியே போன கோபால் பெரியவர் நின்றார். "இன்னா, பட்டப்பகல்ல மாமியாரும் மருமவளும் வாசல் மெழுவறீங்க?"

"நாட்டார் எழுந்து வந்து காய் அறுத்தா பண்டிகைதானே," என்றாள் செல்லியம்மாள், தலை நிமிராமல்.

"அவர் எழுந்திருக்க இன்னும் ஒரு மாசம் ஆவுமாம்," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

கொல்லையில் காற்று வீசியது. முற்றிய காய்கள் சில அதற்குள் கலகலத்தன. பிரியா கை கழுவினாள். செல்லியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிய சமயம், கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோனாள். சாணத்துக்கு அடியில், நகக்கண்ணில், கொஞ்சம் இருந்தது.