ஹென்றிக்குப் போட்ட ஊசி

ஹென்றியால் நடக்க முடியும், நிற்க முடியும், படுக்க முடியும். உட்காரத்தான் முடியாது. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆவதற்குள் இடுப்பின் அடியில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகுவது போல வலி எடுக்கும். அதனால் தச்சநல்லூர் வீட்டில் அடுக்களை மேடையில் தட்டை வைத்து நின்றபடியே சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நிற்பான்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினான்கு வருடம் கிரேன் ஓட்டியவன். உயரத்தில் தொங்கும் கூண்டுக்குக் கண்ணாடித் தரை. அதில் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே குனிந்து கீழே பார்த்தபடி கன்டெய்னர்களைத் தூக்கி லாரியில் இறக்க வேண்டும். ஷிப்டுக்கு எட்டு மணி நேரம். நாற்பத்திரண்டாம் வயதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பின் கடைசி இரண்டு டிஸ்க்கும் கறுத்துச் சப்பையாகிப் போயிருந்தன. கிரேனிலிருந்து இறக்கி, துறைமுக வாசலில் லாரிகளின் பூட்டு முத்திரையைச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள்.

மாத்திரை, பெல்ட், உடற்பயிற்சி, வர்ம வைத்தியரின் எண்ணெய் என்று இரண்டு வருடம் ஓடியது. ஒரு மருத்துவர், இரண்டு எலும்பையும் திருகாணி போட்டு இணைத்துவிடலாம், ஆனால் வலி போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். ஹென்றி பயந்து திரும்பி வந்துவிட்டான். அவன் மனைவி வினோலியா பள்ளியில் கணக்கு டீச்சர். பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில், தேய்ந்த டிஸ்க்குக்குள் ஸ்டெம் செல்லை ஊசியாகப் போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கப் போகிறது என்று அவள்தான் விசாரித்துக்கொண்டு வந்தாள்.

முதல் நாள் அங்கே போனபோது கூடத்தில் பாதி நாற்காலிகள் காலி. ஹென்றி தூணோரமாக நின்றான். எதிர்த் தூணில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் திருநீறு.

“உமக்கும் உக்கார முடியாதோ?” என்று கேட்டார் அவர்.

“பத்து நிமிசம் தாங்கும் அண்ணாச்சி.”

“எனக்கு ஏழு. நீரு பரவால்லவே.”

இருவரும் சிரித்தார்கள். அவர் பெயர் காந்திமதிநாதன். பேட்டைக்காரர். தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். குண்டும் குழியுமான பாதைகளில் இருபத்தைந்து வருடம் பைக்கில் அலைந்து வாங்கிய வலி.

டாக்டர் நித்யா இருவரையும் உள்ளே கூப்பிட்டு விளக்கினார். “ரெண்டு குழு. ஒரு குழுவுக்கு ஸ்டெம் செல். இன்னொரு குழுவுக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும். உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றரை வருஷம் கழிச்சுத்தான் சொல்லுவாங்க.”

“உப்புத்தண்ணி விழுந்தவன் கதி?” என்று கேட்டார் காந்திமதிநாதன்.

“அவங்க விரும்பினா அப்போ செல் ஊசி போடுவோம். ஆனா ஒண்ணு. இது குணமாக்கும்னு நான் வாக்குக் கொடுக்கல. குணமாக்குமான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி.”

ஹென்றி கையெழுத்துப் போட்டான். இருவருக்கும் ஒரே நாளில்தான் ஊசி. குப்புறப் படுக்கவைத்து, இடம் மரத்துப்போக மருந்து கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே ஊசியை இறக்கினார்கள். உள்ளே ஏதோ நிறைவது போல ஓர் அழுத்தம் தெரிந்தது. தண்ணீர் அப்படி அழுத்துமா, இல்லை செல்தான் அப்படி அழுத்துமா என்று வீட்டுக்கு வந்த பிறகும் வினோலியாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு எப்படித் தெரியும்?

தினமும் சாயங்காலம் வலிக்கு ஒரு எண் போட வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. மூன்றாம் மாதம் ஒருநாள் வினோலியா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள். ஏழு, ஏழு, ஆறு என்று வந்துகொண்டிருந்த எண் அந்த வாரம் முழுக்க நாலாகியிருந்தது. முந்தின நாள் அவன் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை அவள் கேட்டிருந்தாள்.

“நேத்தும் நாலா?”

ஹென்றி தாளை வாங்கக் கையை நீட்டினான்.

“ஏன் பொய் எழுதுதிய?”

“கொறைச்சு எழுதினா கொறைஞ்சிரும்னு நெனச்சேன்.” பிறகு, “அந்த டாக்டர் பிள்ள ஒவ்வொரு தடவையும் ஆசையா மொகத்தப் பாக்குது, வினோ. ஏழுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்கு” என்றான்.

அவள் தாளை அவனிடமே கொடுத்தாள். அவன் அந்த வாரத்து எண்களை எல்லாம் அடித்துவிட்டு ஏழாக்கினான். அடுத்த முறை போனபோது, ஏன் அடித்திருக்கிறது என்று நித்யா கேட்டதற்கு உண்மையைச் சொன்னான். அவர் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார்.

காந்திமதிநாதனுக்கு அதற்குள் வித்தியாசம் தெரிய ஆரம்பித்திருந்தது. ஐந்தாம் மாதம் பஸ்ஸில் உட்கார்ந்தே வந்ததாகச் சொன்னார். எட்டாம் மாதம் போன் பண்ணி, “குறுக்குத்துறை ஆத்துல குனிஞ்சு வேட்டி தொவைச்சேன்வே. நானே தொவைச்சேன்” என்றார். ஹென்றிக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவருக்குச் செல் விழுந்திருக்கிறது, அது வேலை செய்கிறது. அப்படியானால் தனக்கு விழுந்தது உப்புத்தண்ணீர்.

அந்த நினைப்பில் அவன் மிச்ச மாதங்களை ஓட்டினான். உண்மையான மருந்து இன்னும் தனக்காக இருக்கிறது என்ற தெம்பு இருந்தது அவனுக்கு. வலி ஏறுகிற நாட்களில் வினோலியாவிடம், “இன்னும் அஞ்சு மாசம்”, “இன்னும் மூணு மாசம்” என்பான். ஊசி போட்டபின் அவனுடன் இருக்க வேண்டும் என்று அவள் பள்ளியில் முன்கூட்டியே விடுப்புச் சொல்லி வைத்தாள். குணமானதும் மறுபடி கிரேனில் ஏற்றுவார்களா என்று அவன் சூப்பர்வைசரிடம்கூடக் கேட்டுவிட்டான். பார்க்கலாம் என்றார் அவர்.

முடிவு சொல்லும் நாளில் நித்யா அவனை முதலில் கூப்பிட்டார். அவன் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே, “ஊசி என்னைக்கு மேடம்?” என்றான்.

நித்யா தாளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். “நீங்க முதல் குழு, ஹென்றி. உங்களுக்குப் போட்டது ஸ்டெம் செல்தான்.”

“சரியாப் பாருங்க மேடம். பேரு மாறியிருக்கும்.”

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். அவனுடைய எண், பிறந்த தேதி, ஊசி போட்ட நாள் எல்லாம் சரியாக இருந்தன.

“இன்னொரு தடவை போடுங்க. ஒரு தடவை பத்தலையோ என்னமோ.”

“இந்த ஆராய்ச்சியில ஒருத்தருக்கு ஒரு தடவைதான். அதை மீறி என்னால செய்ய முடியாது.” அவர் குரல் இறங்கியது. “எனக்கும் கஷ்டமா இருக்கு.”

யாரையாவது திட்டலாம் போல இருந்தது அவனுக்கு. யாரும் ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருந்தார்கள், அவன் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தான்.

வெளியே வந்து, காத்திருந்த காந்திமதிநாதனிடம் தனக்குப் போட்டது செல்தான் என்று சொன்னான். அவர் உள்ளே போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“எனக்கு வெறும் தண்ணிவே” என்றார்.

“அப்பம் எப்படி அண்ணாச்சி சரியாச்சு?”

“டாக்டரம்மாட்டயும் அதத்தான் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆகும்னு சொல்லுதா. ஏன்னு கேட்டா அவளுக்கே முழுசாத் தெரியல.” அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “எனக்குப் போட வேண்டிய ஊசிய உமக்குப் போடச் சொன்னேன். அப்படி மாத்த முடியாதாம். எனக்கு அது வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்.” பிறகு, அவனிடம் சொல்லலாமா கூடாதா என்று தயங்குகிறவர் போல, “தெரிஞ்சுட்டதால இந்த வலி திரும்பி வந்துருமோன்னு பயமா இருக்குவே” என்றார்.

ஹென்றி, “வராது அண்ணாச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

வீட்டில் அவன் சொல்லி முடிக்கும்வரை வினோலியா குறுக்கே பேசவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆறு ஊசியில் டிஸ்க் புதிதாக முளைக்கும் என்று எங்கோ ஒரு கிளினிக் விளம்பரம் போட்டிருந்தது. நித்யாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

“வேண்டாம் டீச்சர். அதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. சில பேருக்கு சீழ் பிடிச்சு இன்னும் மோசமாயிருக்கு.”

“அப்பம் நாங்க என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க.”

வலி மருத்துவப் பிரிவுக்கு வாருங்கள், நடைப்பயிற்சியை விடாதீர்கள் என்றார் நித்யா. வினோலியா நன்றி சொல்லி வைத்தாள். சொல்லி வைத்திருந்த விடுப்பை மறுநாள் ரத்து செய்தாள்.

காந்திமதிநாதன் இரண்டு மூன்று முறை போன் பண்ணினார். ஹென்றி எடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அவரே பைக்கில் வந்துவிட்டார். வண்டிச் சத்தம் கேட்டதும் ஹென்றி கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டான்.

“தூங்குதாவ” என்று வினோலியா வாசலில் சொல்வது கேட்டது.

“எழுப்ப வேண்டாம்மா. சும்மாத்தான் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கொய்யாப்பழப் பையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் போய்விட்டார். வினோலியா உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“பாவம் அந்த மனுசன். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்லா?”

“எப்படி இருக்கியன்னு நான் கேக்கணும். நல்லா இருந்தா அதச் சொல்ல அவருக்குக் கூசும். வலி வந்துட்டுன்னு சொன்னா...” ஹென்றி சுவரைப் பார்த்தபடியே இருந்தான். “வந்துட்டுன்னு சொன்னா எனக்கு நிம்மதியா இருக்குமோன்னு பயமா இருக்கு, வினோ. அதான் எந்திரிச்சு வரல.”

அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். எங்கே வைத்தால் வலிக்காது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் செய்ய அவளிடமும் ஒன்றும் இல்லை.