மூணு செட்

சோபாவின் கால் படியில் இடித்துச் சிராய்ந்தது, அவ்வளவுதான் நஷ்டம். யாருக்கும் அடி இல்லை. ஆனாலும் மாடிப்படி வளைவில் அந்தச் சோபா திடீரென்று தன் பக்கம் சரிந்து, சுவரோடு வைத்து நசுக்கப் பார்த்த நாளிலிருந்து சோபாக்காரருக்குத் தன் தோள்தான் விட்டுவிட்டதோ என்று சாப்பாடு இறங்கவில்லை.

அவரும் மச்சானும், அதாவது அவர் மனைவியின் தம்பியும், சேர்ந்து நடத்துகிற பட்டறை அது. பழைய சோபாவைப் பிரித்து, ஸ்பாஞ்சு மாற்றி, புதுத் துணி போட்டுக் கொடுப்பது தொழில். துணி வெட்டித் தைப்பது மனைவி. தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பது ஆண்கள் இருவரும். மாடி ஏறும்போது மேல் பக்கம் மச்சான், கீழ் பக்கம் இவர். பாரமெல்லாம் கீழே இருப்பவன் தலையில்தான் இறங்கும். அதனாலேயே அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அத்தான்," என்று மச்சான் ஆறுதல் சொன்னான். அதோடு வாயை மூடியிருக்கலாம். "வயசும் ஆகுதில்ல? இனிமே நீங்க பட்டறையில உக்காந்து மேற்பார்வை பாருங்க. தூக்கறதுக்கு ஒரு ஆளை வெச்சுக்கலாம்."

மேற்பார்வையாம்! ஊரையெல்லாம் உட்கார வைத்துப் பிழைத்தவருக்குத் தான் உட்காருவது மட்டும் ஆகவே ஆகாது. "நூலகத்து வேலை வரைக்கும் பொறு. அன்னிக்கு என்னால முடியலைன்னா நானே உக்காந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டார். நூலகத்துக்காரர்கள் தங்கள் வாசிப்பறைச் சோபாக்களைக் கேட்டிருந்தது இரண்டு மாதம் கழித்து. வாசிப்பறை இருப்பதோ மாடியில்.

மறுநாளே தோளைக் காட்டப் போனார். எலும்பு டாக்டரம்மா திருப்பிப் பார்த்தார். "எலும்புல ஒண்ணுமில்ல. தசைக்குத்தான் பலம் வேணும். டம்பெல் வாங்கி வீட்டுலேயே பண்ணுங்க. கம்மியான எடையில ஆரம்பிங்க. ஆனா மூணு செட். அதுல மட்டும் குறைக்கக் கூடாது."

சோபாக்காரர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். அவர் அகராதியில் செட் என்றால், சோபா செட் போல, வண்டியில் ஏற்றி இறக்குகிற சாமான்.

உடற்பயிற்சிச் சாமான் கடையில் முதலில் கண்ணில் பட்டது கம்பியும் கப்பியுமாகக் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்ற ஒரு பெரிய யந்திரம். கடைக்காரர் அதன் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டிருக்க, இவர் அதன் இருக்கையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கிய இடம் எழவில்லை.

"இதுல ஸ்பாஞ்சா வெச்சிருக்கீங்க, ஊறிப்போன ரொட்டியா?"

கடைக்காரர் அசடு வழிந்தார். படுத்துத் தூக்குகிற பெஞ்சுகளுக்கும் அதே கதிதான். ஒன்றில் தையல் இடைவெளி அகலம், இன்னொன்றில் ரெக்ஸின் இப்போதே வெடிக்கப் பார்த்தது. பெஞ்சைத் தானே செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டு டம்பெல் பக்கம் வந்தார். ரப்பர் உறை போட்டது, வழுக்காத பிடி, உருண்டு ஓடாத ஆறுமுகத் தலை. இதில் மட்டும் அவரால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மூணு செட் குடுங்க."

"ஜிம் வைக்கப் போறீங்களா சார்?"

"நமக்குத்தான். டாக்டரம்மா மூணுக்குக் குறையக் கூடாதுன்னுட்டாங்க."

கடைக்காரர் டாக்டரம்மாவை மனதார வாழ்த்தியிருப்பார். மறுபேச்சில்லாமல் மூன்று ஜோடியைக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பட்டறையில் மிஞ்சிக் கிடந்த பலகையும் மெரூன் ரெக்ஸினும் சேர்ந்து ஒரு பெஞ்சு பிறந்தது. ஜன்னல் ஓரம் அதைப் போட்டு, மூன்று ஜோடியையும் வரிசையாக வைத்துவிட்டு, செய்முறை தெரிந்துகொள்ளக் கணவனும் மனைவியுமாகக் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்தார்கள். அதில் ஒரு பயிற்சியாளர் ஒரே ஜோடி டம்பெல்லைப் பல தடவை தூக்கி இறக்கிவிட்டு, "முதல் செட் முடிஞ்சுது. கொஞ்சம் ஓய்வு. இப்ப ரெண்டாவது செட்," என்று அதே ஜோடியை மறுபடியும் தூக்கினார்.

இவர் வரிசையாக இருந்த மூன்று ஜோடியையும் திரும்பிப் பார்த்தார். பிறகு மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை.

"நல்லவேளை, தினமும் பத்து செட்னு சொல்லல!"

"திருப்பிக் குடுத்துட்டு வரேன்," என்றார் அவர், காது சிவக்க.

"எதுக்கு? இது ஒண்ணு எனக்கு. நானும்தான் நாள் பூரா மெஷின்ல குனிஞ்சு கெடக்கறேன். எனக்கு மட்டும் தோள் இல்லையா?"

அப்படியாகக் காலை நேரம் மாறிப்போனது. இவர் எண்ணுவார், அவள் திருத்துவாள். இத்தனை வருஷத்தில் பட்டறைக் கணக்கு, வீட்டுக் கணக்கு தவிர இருவரும் சேர்ந்து எதையும் எண்ணியதில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது. தோளும் மெல்ல மெல்லச் சொன்னபடி கேட்டது. மூன்றாவது ஜோடி மட்டும் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது.

நூலகத்து வேலைக்கு முந்தின வாரம் மச்சான் வீட்டுக்கு வந்தான். தூக்குவதற்கு ஆள் பார்த்தாகிவிட்டது என்று சொல்லத்தான் வந்தான். வாசலிலேயே கதவடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டான்.

"என்ன அத்தான், பயில்வான் ஆயிட்டீங்களா?" என்று குனிந்து ஒன்றை வலது கையில் எடுத்தான். தோள் வரை கொண்டுபோனான். அடுத்த தடவை முழங்கை உதறியது. அதற்கடுத்த தடவை பாதியிலேயே பட்டென்று இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இடது கையால் எடுத்தான்.

அக்காவின் கண்ணுக்கு எது தப்பும்? "வலது கைக்கு என்னடா? இப்பல்லாம் டீ கூட இடது கையிலதான் குடிக்கிற."

மச்சான் டம்பெல்லைக் கீழே வைத்தான்.

"கொஞ்ச நாளா பிடி நிக்க மாட்டேங்குது. அன்னிக்குப் படியில சறுக்கின ஆனை நான்தான் அத்தான். மேல நான் விட்டதாலதான் உங்க பக்கம் சாஞ்சுது. சொல்ல வெக்கமா இருந்துது. ஆள் வெச்சா தெரியாம போயிடும்னு நெனச்சேன்."

சோபாக்காரருக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் தன் கையைத் தானே திட்டிக்கொண்டு ராத்திரி தூக்கம் கெட்டதெல்லாம் வீணா என்று சுறுசுறுவென்று வந்தது. ஆனால் மச்சானின் முகத்தைப் பார்த்ததும், முடியவில்லை என்று சொன்னால் வாழ்நாள் முழுக்க உட்கார வைத்துவிடுவார்கள் என்ற அதே பயம்தான் அங்கேயும் தெரிந்தது. அவருக்குத் தெரியாத பயமா அது?

"என்னை மேற்பார்வை பார்க்கச் சொன்னியே, நீயே உக்காந்துக்கறியா?"

மச்சான் சிரித்தான். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட கையைக் காட்டு," என்றார். காலால் மூன்றாவது ஜோடியை அவன் பக்கம் தள்ளினார். "அவங்க சரின்னா இது உனக்கு. மூணு செட்னு சும்மாவா சொன்னாங்க!"

டாக்டரம்மா பயப்பட ஒன்றுமில்லை என்றதும், பார்த்து வைத்த ஆளை மச்சானே வேண்டாம் என்றுவிட்டான். நூலகத்துப் படி ஏறிய அன்று வழக்கம் போல மேலே மச்சான், கீழே அவர். அவர் கை கல்லு மாதிரி நின்றது. வளைவு வந்ததும் மேலிருந்து குரல் வந்தது.

"அத்தான், கை தாங்கல. ஒரு நிமிஷம் இறக்கிக்கலாமா?"

இத்தனை வருஷத்தில் மச்சான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. படி வளைவிலேயே மெதுவாக இறக்கி வைத்தார்கள். மச்சான் அதிலேயே உட்கார்ந்தான். சோபாக்காரரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார், நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி.

"முதல் செட் முடிஞ்சுது," என்றார்.