பந்து அந்தப் பக்கம் போகும்போது

சிவப்பு அட்டை வாங்கியதால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஃபுட்பால் ஆட்டம் இல்லை. முந்தின ஆட்டத்தில் கோல் கட்டத்துக்கு வெளியே ஓடிவந்து எதிரணிக்காரன் காலை வாரிவிட்டேன். நடுவர் யோசிக்கவே இல்லை. "ஒரு வாரம் வீட்ல குடும்பத்தோட கிட. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் கோச்.

பேச வேண்டிய விஷயம் இதுதான். கிளப் என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டத் தயாராக இருந்தது. நான் வேண்டாம் என்றேன். எனக்கு வயது முப்பத்தொன்று. ஓடி ஆடுகிறவனுக்கு அது முதுமை, கோல் காப்பவனுக்கு அது நல்ல பருவம். அப்படியும் விட்டுவிடலாம் என்று இருந்தேன். பாதி வாழ்க்கை பஸ்ஸிலும் மீதி ஹோட்டல் அறையிலும் போய்விட்டது. மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு எந்தப் பல் எப்போது விழுந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சதும் ஃபோன் பண்றேன். அதுக்குள்ள தெளிஞ்சிடுவ" என்றார் கோச், நான் ஏதோ குடித்துவிட்டு உளறியது போல.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்துவாள், கண் கலங்குவாள் என்றெல்லாம் எனக்குள் ஒரு படம் ஓடியிருந்தது.

"நிஜமாவா?" என்றாள். பிறகு ஒரு தலையணை உறையை உதறியபடி, "அப்போ உங்க துணியெல்லாம் எந்த அலமாரில வைக்கிறது?" என்றாள்.

"உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

"சந்தோஷம்தாங்க. நான் அலமாரியைத்தானே கேட்டேன்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் காலை இன்னும் மோசம். அடுப்பில் பால் பொங்கி வருவதைக் கூடத்திலிருந்து பார்த்துவிட்டேன். "கீப்பர்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். மைதானத்தில் நான் அப்படிக் கத்தினால் பந்து எனக்கு என்று அர்த்தம். எங்கள் அணிக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். என் மனைவி எந்த அணியிலும் ஆடியவள் இல்லை. அவளும் பாய்ந்தாள். என் முழங்கை அவள் நெற்றியில் இடித்தது. பால் அதன் பாட்டுக்குப் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"பாலுக்கு எதுக்குங்க கீப்பர்?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

மாடியில் குடியிருக்கும் மச்சினன் சத்தம் கேட்டு இறங்கி வந்தான். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். அடுத்தவன் தப்பு செய்யும்போது பார்த்து ரசிப்பதுதான் அவன் பிழைப்பு.

"மாமா, ரீப்ளே போடச் சொல்லுங்க. பால் கோட்டைத் தாண்டிச்சா இல்லையான்னு பாத்துடலாம்."

"வாயை மூடுடா."

"இங்கயும் சிவப்பு அட்டை குடுத்துட்டா எங்க மாமா போவீங்க?"

மகள் சிரிக்கவில்லை. துணியை எடுத்துக்கொண்டு வந்து, "அப்பா, நீங்க போய் உக்காருங்க. நாங்க துடைச்சுக்கறோம்" என்றாள். விருந்தாளியிடம் சொல்வது போலத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். ஸ்கூல் எப்படிம்மா? "நல்லா இருக்கு." மூக்குக்கண்ணாடி எங்க? "தொலைஞ்சிடுச்சு." எப்படி? "தெரியல." பெனால்டி அடிக்க வருகிறவன் முகத்தைப் பார்த்தே எந்தப் பக்கம் அடிப்பான் என்று சொல்லிவிடுவேன். இவள் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

போதாக்குறைக்கு ஸ்டூல் விவகாரம். டிவிக்கு இடது பக்கம் ஒரு குட்டி ஸ்டூல் கிடந்தது. காலில் தட்டுகிறது என்று அதை எடுத்துப் பால்கனியில் போட்டேன். அவள் இழுத்து வந்து பழைய இடத்திலேயே போட்டாள். குனிந்து பார்த்தால் தரையில் ஸ்டூல் கால்கள் தேய்த்த தடம். டிவிக்கு வலது பக்கமும் அதே தடம். டிவியை ஒட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் என்ன தெரியும்? கேட்டேன். "சும்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம். எனக்குப் பதில் மாற்றுக் கீப்பர் நிற்கிறான். டிவியைப் போட்டதும் மச்சினன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். மனைவி டீயை என் கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போனாள். பின்னாலேயே போனேன்.

"எல்லாரும் எங்க போறீங்க? மேட்ச் பாக்கலையா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மேட்ச் நேரம் அவளுக்கும் அவ அப்பாவுக்கும். நாங்க யாரும் இருக்கக் கூடாது."

"நான்தானே அவ அப்பா?"

"தெரியுது. அதான் இன்னைக்கு என்ன பண்றதுன்னு எனக்கே புரியல."

பிறகு சொன்னாள். "உங்க கோல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உக்காந்துப்பா. பந்து எதிர்ப் பக்கம் போயிட்டா உங்களை டிவில காட்ட மாட்டாங்கல்ல? அப்போ நீங்க சும்மாதான் நிப்பீங்களாம். உடனே பேச ஆரம்பிச்சிடுவா. அந்த வாரம் நடந்தது ஒண்ணு விடாம. பந்து உங்க பக்கம் திரும்பிச்சோ, கப்புனு வாயை மூடிப்பா. உங்களுக்குத் தொந்தரவாம்."

டீ ஆறிக்கொண்டிருந்தது.

"உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"கதவு ஒண்ணும் அவ்வளவு கனமில்ல. வேற எப்படிங்க அவளைப் பத்தித் தெரிஞ்சுக்கறது? என்கிட்ட மட்டும் சொல்லிடறாளா?"

கூடத்துக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். மகள் இடது பக்க ஸ்டூலில் இருந்தாள். பந்து எதிர்ப் பக்கம் போனது. வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"பேசும்மா. இங்கதானே இருக்கேன்."

"நீங்க பாக்கறீங்க."

"பாத்தா என்ன?"

"மேட்ச்ல பாக்க மாட்டீங்க."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். "இப்போ?"

"கண்ணை மூடிட்டு யாராவது கோல்ல நிப்பாங்களா?" என்றாள். நியாயமான கேள்வி.

முதல் பாதி அப்படியே போனது. எனக்குத் தலை சுற்றியது. இவளோடு இருப்பதற்காக ஆட்டத்தை விடுகிறேன். இவள் என்னோடு இருந்ததே ஆட்டத்தில்தான். விட்டால் இவளிடம் வருகிறேனா, இவளை விட்டுப் போகிறேனா? யாரிடம் போய்க் கேட்பது?

இடைவேளை. அவள் ஸ்டூலைத் தூக்கி வலது பக்கம் போட்டாள். அங்கே சுவர் முடிந்து குளியலறைக்குப் போகும் நடை தொடங்குகிறது. நான் எழுந்தேன். யோசித்து எழவில்லை. இடைவேளை முடிந்தால் கீப்பர் பக்கம் மாற வேண்டும், அது காலுக்கே தெரியும். நடைக்குள் போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். எதிரே வாஷிங் மெஷின். ஸ்டூலிலிருந்து பார்த்தால் என் தோள் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான்.

வெகுநேரம் டிவிக்காரர்கள் மட்டும் பேசினார்கள். பிறகு மெல்ல, "பந்து அந்தப் பக்கம் போயிடுச்சு" என்று கேட்டது.

நான் அசையவில்லை.

"கண்ணாடி தொலையலப்பா. நானே ஸ்கூல் குப்பைத்தொட்டில போட்டுட்டேன். எல்லாரும் பூதக்கண்ணாடின்னு கூப்பிடறாங்க. இப்போ போர்டுல ஒண்ணுமே தெரியல. பக்கத்துல இருக்கறவளைப் பாத்து எழுதறேன். அவளே தப்பாத்தான் எழுதறா. நீ அம்மாகிட்ட சொல்லிடாத."

நீ என்றாள். நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. யார் அப்படிக் கூப்பிடுவது, வா பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்வரை வந்தது. மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சொல்லாதே என்கிறாளே, அறைக் கதவுக்குப் பின்னால் அவள் அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். இதில் யாரிடம் எதை மறைப்பது?

"வருது" என்று சொல்லிவிட்டு மகள் நிறுத்திக்கொண்டாள். கூட்டம் இரைந்தது. மாற்றுக் கீப்பர் பிடித்துவிட்டான் போல. பந்து திரும்பிப் போனதும் பல் ஆடுவது, டீச்சரின் புதுச் செருப்பு, மாமா ரகசியமாகப் பார்க்கப் போன பெண் என்று வரிசையாக வந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. சுவரைப் பார்த்தே கேட்டேன்.

"அப்பா இனிமே மேட்ச் ஆடப் போகலன்னா?"

பேச்சு நின்றது. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அப்போ எங்க நிப்ப?"

கேலி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கும்தான் தெரியவில்லை.

"இங்க" என்றேன்.

"அம்மா துணி போட வந்தா?"

"ஓரமா நிப்பேன்."

ஆட்டம் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. கோச். பின்னால் ஷவர் சத்தமும் பையன்களின் கூச்சலும்.

"தெளிஞ்சுதாடா?"

"இல்ல கோச். இன்னும் குழம்பிட்டேன்."

"அப்போ வந்து ஆடு."

"இல்ல. விட்டுடறேன்."

"விட்டுட்டு வீட்ல என்னதான்டா பண்ணப் போற?"

"நிக்கப் போறேன்."

"என்னது?"

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு வருட ஆட்டத்தை வாஷிங் மெஷின் முன்னால் நின்றபடி விட்டுக்கொடுத்த கீப்பர் வேறு யாராவது இருப்பானா? செய்தது சரியா, முட்டாள்தனமா? மனம் ஒரு பக்கமும் சாயவில்லை. கூடத்தில் டிவி அணைந்தது. திரும்பிப் பார்க்கலாமா என்றுகூடத் தெரியவில்லை. அப்படியே நின்றேன்.

"அப்பா."

"ம்."

"பந்து இப்போ எந்தப் பக்கம் இருக்கு?"

"அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றேன்.

ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.