உன் இஷ்டம் லா

கிழித்துப் போட்டுவிட்டான், ராத்திரியெல்லாம் விழித்து அவள் வரைந்த வரைபடத்தை எல்லார் முன்னாலும் இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டு, இதைவிட நன்றாக உன்னால் வரைய முடியும், ஏன் வரையவில்லை என்று கேட்கிறான், படுபாவி, என்ன திமிர், ஆனாலும் அந்தக் கேள்வி... அனுப்ரியா கைப்பேசியில் கதையை மேலே தள்ளினாள். முதல் அத்தியாயத்திலிருந்து அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் கடைசியில் கட்டிக்கொள்வார்கள் என்று அட்டைப் படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, தெரிஞ்சும் படிக்கிறியா என்று ஆபீசில் சிவதர்ஷினி சிரித்தாள், ஆமாம், தெரிந்துதான் படிக்கிறேன், உனக்கென்ன? பகையிலிருந்து காதல், வாரத்துக்கு ஒன்று, ரயிலில், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, இதோ இந்தச் சனிக்கிழமை மத்தியானம் தேக்கா உணவங்காடியில், எதிர் நாற்காலிக்கு டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடித்துவைத்துக்கொண்டு. கதையில் அவன் அவளைத் திட்டுகிறான், சரி, ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, திட்டுவதற்காவது ஞாபகம் வைத்திருக்கிறான், கேட்காத ஒருவனால் மறுத்துப் பேச முடியுமா? அதுதான் வேண்டும், அவளுக்குக் காதல்கூட அப்புறம்தான், எதிரே நின்று மல்லுக்கட்ட ஓர் ஆள் வேண்டும், ஆனால் அவளுக்குக் கிடைத்தவனோ... அதோ நிற்கிறான், பிரியாணிக் கடை வரிசையில், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் பொங்கலுக்கு நிற்கிறவன் மாதிரி.

நிதீஷுக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் யாரிடமோ பேசுகிற சாக்கில் நுழைந்தார். அனுப்ரியா பார்த்துக்கொண்டே இருந்தாள், சொல்லேன், அண்ணே வரிசை அங்க இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன். நிதீஷ் சிரித்துக்கொண்டே ஓரடி பின்னால் தள்ளி நின்றான். இவனோடுதான் ஆயுசு பூராவும். வீடு வாங்க விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள், செம்பவாங்கா கேலாங் பக்கமா என்று ஒரு வாரமாகக் கேட்கிறாள், உன் இஷ்டம் லா, உனக்கு எது வசதியோ அது என்கிறான். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றுகூட அவன் கேட்கவில்லை, பிடிஓ போடலாமா, அரசாங்கம் கட்டப்போகிற வீட்டுக்குச் சேர்ந்து எழுதிப்போடலாமா என்றுதான் கேட்டான், இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள் என்று அவளும் சரி என்றாள், வீட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டுக் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற ஊர் இது. நாலு வருஷம் கழித்துச் சாவி வரும், அந்த வீட்டின் நாலு சுவரும் இவனும் ஒரே மாதிரி, என்ன சொன்னாலும் திரும்பி வராது. நேற்று பச்சை ரவிக்கை கேவலமாக இருக்கிறதா என்று கேட்டாள், நல்லாருக்கு என்றான், கேவலமாகத்தான் இருந்தது, கண்ணாடிக்கே தெரிந்தது.

தட்டுகள் வந்தன. அவளுடைய குழம்பு தனிக் கிண்ணத்தில் இருந்தது, சோற்றில் ஊற்றினால் அவளுக்குப் பிடிக்காது. அவள் அதைப் பார்க்கவில்லை, கைப்பேசியில் விண்ணப்பத்தைத் திறந்து மேசையில் வைத்தாள்.

"கேலாங் போட்டுடவா?"

"உன் இஷ்டம் லா."

"உனக்குன்னு ஒரு இஷ்டமே கிடையாதா? செவுத்துகிட்ட பேசுற மாதிரி இருக்கு, நிதீஷ். ஒரே ஒரு தடவை என்கூட சண்டைதான் போடேன்!"

பக்கத்து மேசைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். நிதீஷ் கரண்டியைக் கீழே வைத்தான், நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சரி. எனக்கு செம்பவாங்தான் வேணும்."

"என்னது?"

"அம்மா அங்க தனியா இருக்காங்க. தாத்தா அங்க டாக்யார்ட்ல கப்பல் வேலை பார்த்தவரு. எனக்கு அந்தக் கடல் பக்கம் பிடிக்கும் அனு, சின்னதுல இருந்தே. நீ சிரிப்பேன்னுதான் சொல்லல."

இதுதான், இதற்குத்தானே இத்தனை நாள், எதிரே ஒருத்தன் நிமிர்ந்து உட்கார்ந்து வேண்டும் என்கிறான், கண்ணைப் பார்த்துச் சொல்கிறான், காது மடல்கூடச் சிவந்திருக்கிறது, இனி அவள் ஏதாவது சொல்ல வேண்டும், அவன் மறுக்க வேண்டும், அவள் விடாமல்... ஆனால் அவள் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"செம்பவாங்கா? ஐயோ, அது எவ்ளோ உலு லா! காட்டுக்குள்ள போய் குடித்தனமா? அம்மா பிள்ளைன்னு தெரியும், ஆனா இவ்ளோ அம்மா பிள்ளையா நீ?"

சிரித்தும்விட்டாள். பக்கத்து மேசைக்காரம்மாவும் கொஞ்சம் சிரித்தார். நிதீஷும் சிரித்தான், வரிசையில் அந்தச் சட்டைக்காரருக்கு வழி விட்டானே, அதே சிரிப்பு, ஓரடி பின்னால் தள்ளி நிற்கிற சிரிப்பு.

"சரி லா, விடு. கேலாங்கே போடு. உன் இஷ்டம்."

அவன் சாப்பிட ஆரம்பித்தான். கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. இன்னொரு வார்த்தை பேசேன், ஏன் பேச மாட்டேன் என்கிறாய், பேசினால் என்ன செய்துவிடுவேன்... என்ன செய்தாள்? பழக ஆரம்பித்த முதல் மாதத்தில் இவன் பேசிக்கொண்டேதானே இருந்தான், பாட்டு, பந்து, அரசியல், ரோஜாக் எந்தக் கடையில் நல்லது, எல்லாவற்றுக்கும் மல்லுக்கட்டினான், அவள்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தாள், சிரித்துச் சிரித்தே ஜெயித்தாள். எப்போது நிறுத்தினான்? நிறுத்தியதைக்கூட அவள் கவனிக்கவில்லையே. விண்ணப்பத்தில் கேலாங்குக்கு நேராக விரல் நின்றது, அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கதையில் கிழித்துப் போட்டவன் மாறுகிறான், அவள் மன்னிக்கிறாள், அதுவரைக்கும் படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்டது, ஆனால் இத்தனை புத்தகத்திலும் தன்னை அந்தப் பெண்ணாகவே வைத்துப் படித்திருக்கிறாள், ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட... அவன் தனியாகக் கேட்டு வாங்கிவந்த குழம்புக் கிண்ணம் இப்போதுதான் கண்ணில் பட்டது.