இன்னொரு ஒயர்

அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க அன்றைய விலை முந்நூற்றெழுபத்தைந்து ரூபாய். கடைக்காரன் வெப்கேமராவுக்கு நானூற்றைம்பது சொன்னான். இழவு வீட்டுக்கு என்று சொல்லியிருந்தால் இன்னும் இறங்கியிருப்பான். தமிழ்மதிக்கு வாய் வரவில்லை. வழக்கம்போல் இரண்டடி நடந்து, திரும்பி வந்து, எழுபத்தைந்தைக் குறைத்தாள்.

இப்போது அந்தக் கேமராவைக் கம்ப்யூட்டர் மேல் பனியன் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மேசையை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தது. பெட்டிக்குள் அப்பா வீரன், விடியற்காலை போனவர். திரையில் மொரீஷியஸிலிருந்து அண்ணன் பிரபாகர், சதுரம் சதுரமாக. அவனுக்கு விமானம் செவ்வாய்க்கிழமைதான். இங்கே இன்றைக்கே, ஞாயிறு நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள்.

"தெரியுதாண்ணா?"

"வெள்ளையா என்னமோ தெரியுது மதி. அப்பாவா, டியூப்லைட்டா?"

அதற்குள் படம் நின்றது. மோடத்தில் பச்சை விளக்கு அணைந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்பு, வீட்டில் கேட்காமல் ஆஷாவைக் கட்டிக்கொண்டு கிளம்பியவன் பிரபாகர். 'எனக்கும் அவனுக்கும் இனிப் பேச்சில்லை' என்றார் அப்பா. அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். நூல் வியாபாரிகளே அவரிடம் இரண்டாம் விலை கேட்டதில்லை. ஞாயிறுதோறும் அம்மாவுக்குத்தான் அவன் போன் செய்வான். அப்பா பின்னால் மெஷின் ஷெட்டுக்குப் போய்விடுவார்.

மாலையோடு வந்தான் முனீஸ். தேனிப் பக்கத்துக்காரன், பத்து வருஷமாக இந்த நெருப்பெரிச்சல் ஊரில் டெலிபோன் லைன் பார்ப்பவன். மாலை போட்டுக் கும்பிட்ட கையோடு மோடத்தை எட்டிப் பார்த்தான். பார்க்காமல் இருக்க அவனால் ஆகாது.

"வச்ச நாள்லருந்தே இப்படித்தானாக்கா?"

"நெட்டு வச்ச ஆறு மாசமா நகந்துக்கிட்டுத்தான் கெடக்குது. அப்பப்பச் சுத்தமா கட்டாயிரும்."

"எப்பல்லாம்?"

எக்ஸ்போர்ட் ஆபீசில் எந்தச் சரக்கு எத்தனை நாள் தாமதம் என்று தூக்கத்திலும் சொல்பவள் தமிழ்மதி. இதை மட்டும் அவள் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

"ஞாயித்துக்கிழமை. பதினோரு மணி வாக்குல. அம்மா அண்ணங்கூடப் பேசற நேரம்."

முனீஸ் போனுக்குப் பக்கத்திலிருந்த சின்ன வெள்ளை டப்பாவைத் தட்டினான். "பேசுனா நெட்டு கட்டாகக் கூடாதுன்னுதான் இத மாட்டிருக்கோம். இதுக்குள்ள வராம இன்னொரு போனு இருக்குக்கா."

"இந்த ஊட்ல ஒரே போனுதான்."

"லைனு அப்படிச் சொல்லலயே."

வாசலில், ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு ஒன்று இருந்தது. பிரித்தான். செம்பு பச்சை பூத்திருந்தது. அதிலிருந்து இன்னொரு மெல்லிய ஒயர் பிரிந்து, மேலே சுண்ணாம்பு பூசி மறைத்தபடி, சுவரோடு சுவராகப் பின்பக்கம் போனது.

"இது நாங்க இழுத்தது இல்லக்கா."

தமிழ்மதி விரலை ஒயரின் மேல் வைத்தபடியே நடந்தாள். பெரியம்மா சாமியாத்தாள் ஒப்பாரியை நடுவில் நிறுத்திக் கேட்டாள்: "அப்பன் கெடக்கறப்ப இவ என்னத்த அளந்துக்கிட்டுத் திரியறா?"

ஒயர் தண்ணித் தொட்டியைச் சுற்றி, ஜன்னல் இடுக்கு வழியாக ஷெட்டுக்குள் இறங்கியது. இரண்டு நிட்டிங் மெஷின்கள், பாதி சுற்றிய துணியோடு நின்றன. மூலையில் அடுக்கியிருந்த நூல் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அதன்மேல் பழைய கறுப்பு டெலிபோன்.

முனீஸ் எடுத்துக் காதில் வைத்தான். "உசுரு இருக்குக்கா." பேசும் பக்கத்து மூடியைத் திருகினான். உள்ளே மைக் இல்லை. அந்த இடத்தில் பனியன் வேஸ்ட் துணியை அடைத்திருந்தது, மூச்சுச் சத்தம்கூடப் போகாதபடி.

"பேசறதுக்கு வச்ச போனு இல்ல இது," என்றான்.

தமிழ்மதி டெலிபோனை முந்தானையில் மறைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். அம்மா வேலாத்தாள் பெட்டிமேல் கை வைத்தபடி குனிந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணியானா மெஷின நிறுத்திப்போட்டு எண்ணெய் ஊத்தோணும்பாரு. மெஷினு அத்தன எண்ணெய் எதுக்குக் குடிக்குதுன்னு நானும் கேக்கல கண்ணு." பெட்டியைத் தடவியபடி, "பேசமாட்டேன்னுதான சொன்னாரு," என்றாள்.

வாசலில் முனீஸ் கட்டரோடு காத்திருந்தான். மணி மூன்று. "வெட்டட்டுமாக்கா? வெட்டுனாத்தான் அண்ணனுக்கு மொகம் தெரியும்."

"குடு. நானே வெட்டறேன்."

பச்சை விளக்கு வந்தது, அணையாமல் நின்றது. திரையில் அண்ணனின் நரைத்த கிருதாகூடத் தெரிந்தது. அவன் பக்கமும் தெளிந்திருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். நெற்றிக் காசையும் தாடைக்கட்டையும் இரண்டு நாள் தாடியையும் வெகுநேரம் பார்த்தான்.

"எப்படிச் சரியாச்சு?"

"பழைய ஒயர் ஒண்ணு கெடந்துச்சுண்ணா."

"ஒரு வார்த்த பேசாமயே போயிட்டாருல்ல மதி."

கூடம் நிறையக் காதுகள். சாமியாத்தாள் தலையைச் சாய்த்து வைத்திருந்தாள். தமிழ்மதி அம்மாவைப் பார்த்தாள்; அம்மா பெட்டியைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கூப்புடுண்ணா. ஒண்ணு சொல்லோணும்."

நாலு மணிக்கு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கூடத்தைக் கழுவ ஆரம்பித்தார்கள். துடைப்பம் தேடி ஷெட்டுக்குப் போன தமிழ்மதி நூல் பெட்டிகளை நகர்த்தினாள். ஸ்டூலுக்கு நேர் மேலே, சுவரில், துணிக்குக் குறி போடும் பென்சிலால் இழுத்த கோடுகள். துணி ரோல் எண்ணுவது போல் நாலு நிறுத்தி ஐந்தாவது குறுக்கே. நடுநடுவே சுழி. ஆஷா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்து அண்ணன் கூப்பிடாமல் இருந்த காலத்தில் சேர்ந்தாற்போல் மூன்று சுழி.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். கோடு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. சுழி பதின்மூன்று. கடைசிக் கொத்தில் நாலு கோடு நின்றது; குறுக்குக் கோடு விழவில்லை.