புலி மேல் வந்த சாட்சி

இனிக் குடிக்கமாட்டேன் என்று அரியநாயகம் சத்தியம் செய்து கொடுக்காத தெய்வம் தீவுப்பகுதியில் மிகக் குறைவு. நயினாதீவு அம்மன் முன்னால் இரண்டு தரம். ஊர்ப் பிள்ளையாருக்கு வருடத்துக்கு ஒன்று. ஒருமுறை ஊர்காவற்றுறையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனவர், வழியில் நின்ற அந்தோனியாரையும் சும்மா விடவில்லை. எல்லாச் சத்தியமும் பொழுதுபடும் வரைக்கும் நிற்கும். அதற்குப் பிறகு அவருடைய சைக்கிள் தானாகவே கள்ளுத் தவறணைப் பக்கம் திரும்பிவிடும். மனிதர் என்ன செய்வார், பாவம், சைக்கிளின் குணம் அப்படி! கடைசியில் மனைவி சறோஜினிதேவி ஒரு பைக்குள் நாலு சேலையை வைத்துக்கொண்டு மண்கும்பானில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போனாள். போனவள் இரண்டு வருடம் அவர் இருந்த இறுப்பிட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு பாத்திரம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் கிணறு வற்றியது. சேறு அள்ள இறங்கிய அரியநாயகத்தின் காலில் ஏதோ கனமாக இடறியது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போகிற அவசரத்தில் அவருடைய தகப்பனார் கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போன சாமான். அந்தக் காலத்தில் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் எழுத்துவேலை பார்த்த பூட்டனாருக்கு, துரை கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது என்று வீட்டில் பேச்சு. பழப்புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க வெள்ளி பளபளத்தது. ஒற்றைக் காலில் நின்று, இடுப்பு ஒடுங்கி, வாய் விரிந்த பாத்திரம். இரண்டு பக்கமும் பிடிக்குப் பதிலாக வளைந்த கொம்போடு கடாத் தலைகள். வாயைச் சுற்றிக் கோலம் போட்டதுபோல மடங்கி மடங்கி ஓடும் கோடு. அதற்குக் கீழே வாசலில் தோரணம் கட்டியதுபோலத் தொங்கும் இலைமாலை. நடுவில், புலி மேல் கால் போட்டு ஏறியிருக்கும் ஒரு கொழுத்த பிள்ளை.

"ஐயப்பா!" என்று கிணற்றடியிலேயே கத்திவிட்டார்.

யார்தான் கத்தமாட்டார்கள்? புலி மேல் ஏறி வரும் பிள்ளை வேறு யார் இருக்கிறார்கள்? தலையில் சூடியிருந்த பழக்குலையை நாவற்பழம் என்று அவரே தீர்மானித்தார். கையில் வில் இல்லை, நுனி பருத்த ஒரு தடிதான் இருந்தது. அது தமையன் முருகனிடம் இரவல் வாங்கிய வேலாக இருக்கும் என்று அதற்கும் ஒரு வழி செய்தார். அன்றைக்கே பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மண்கும்பானுக்குப் போய், மைத்துனர் வீட்டு முற்றத்தில் புலியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். சறோஜினிதேவி பாத்திரத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

அதிசயம் என்னவென்றால், அந்தச் சத்தியம் நின்றது. மூன்று வருடம் ஒரு சொட்டு இல்லை. பாத்திரம் சாமியறைக்குப் போய்க் கும்பமாகிவிட்டது. வாய் அகலம் கூடியதால் தேங்காய் உள்ளே விழுந்துவிடும் என்று, நடுவில் ஒரு பித்தளைச் செம்பை இறக்கி, அதன் மேல் மாவிலையும் தேங்காயும் வைப்பார்கள். கார்த்திகையில் மாலை போடும் பொடியன்கள் வந்து விழுந்து கும்பிட்டு, அரியநாயகத்தையும் "சாமி" என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அது தித்தித்தது. எல்லாவற்றையும்விட, விடியக் கண் விழித்தால் குசினியில் சறோவின் தேத்தண்ணிச் சத்தம் கேட்டது. அதற்காக எந்தப் புலியையும் கும்பிடலாம் என்றிருந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் யூலியானா வந்தாள். ஊர்காவற்றுறைப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு, தீவுகளில் பழைய வீடுகளில் கிடக்கும் அலுமாரி, கதிரை, கோப்பை எல்லாவற்றையும் படமெடுத்துப் பதிந்துகொண்டு ஸ்கூட்டியில் திரிகிறவள். பாத்திரத்தைக் கண்டதும் கையுறை போட்டுக்கொண்டாள். திருப்பினாள், கவிழ்த்தாள், விளிம்பில் சிவந்து தெரிந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது முழு வெள்ளி இல்லை அங்கிள். செம்புக்கு மேலை வெள்ளித் தகடு ஒட்டினது."

"ஐயப்பன் செம்பிலையும் இருப்பார்தானே பிள்ளை."

"ஐயப்பனோ?" யூலியானா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது அவருக்கு விளங்கியது. "இது இருநூறு வருசத்துக்கு மேலை வரும் அங்கிள். மண்ணுக்குள்ளை புதைஞ்சு கிடந்த ரோமாபுரிக் காலத்துப் பட்டினங்களை வெள்ளைக்காரர் கிண்டி எடுத்தவை. அதைக் கண்டாப் பிறகு அவைக்குப் பழைய கிரேக்கம், ரோமாபுரி எண்டால் ஒரே பைத்தியம். கதிரைக் காலிலையும் தூண், விளக்கிலையும் மாலை, சூப் கோப்பையிலையும் கடாத் தலை. நவசெவ்வியல் பாணி எண்டு நாங்கள் படிக்கிறனாங்கள்."

"அப்ப புலியிலை இருக்கிறது?"

"அது சிறுத்தை. புள்ளியைப் பாருங்கோ. தலையிலை இருக்கிறது முந்திரிகை, திராட்சைக் குலை. ஆள் பாக்கஸ். அவையின்ரை பழைய தெய்வம்."

"அவர் எதுக்குப் பொறுப்பு?"

யூலியானா குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"குடிக்கு."

அரியநாயகம் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். அவள் விடவில்லை. விருந்து மேசையில் வைன் போத்திலைக் குளிரவைக்கிற பாத்திரமாம் இது. போத்தில் நிற்க உள்ளே ஒரு கூடு இருந்திருக்குமாம், சுற்றிவர ஐஸ் போடுவார்களாம். "இப்ப நீங்கள் செம்பு வச்சிருக்கிற இடந்தான்" என்று விரலால் காட்டினாள். மூன்று வருடமாகத் தேங்காய் நின்ற இடத்தை அரியநாயகம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சறோஜினிதேவி தேத்தண்ணியோடு வந்தாள். "என்னவாம் பிள்ளை, எங்கடை ஐயப்பன்?"

"கனகாலத்துச் சாமானாம்" என்று அரியநாயகம் முந்திக்கொண்டார். "வெள்ளைக்காரரும் விழுந்து விழுந்து கும்பிட்டவையாம்."

"ஓம் அன்ரி. கும்பிட்டு விழுந்தவை" என்று சொல்லிவிட்டு, யூலியானா கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கை தாண்டியதும் அரியநாயகத்தின் தொண்டை வறண்டது. மூன்று வருடமாக இல்லாத வறட்சி. அவர் பழைய கூட்டுறவுச் சங்க மனேச்சர். தலைவர் ஆள் மாறிப்போன கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் செல்லாது என்பது அவருக்கு மனப்பாடம். அதுவும் யார் முன்னால் என்ன சத்தியம்? குடித் தெய்வத்தின் முன்னால் குடிக்கமாட்டேன் என்று! பாக்கஸ் எவ்வளவு மனம் நொந்திருப்பார்! இதற்கு மேலும் குடிக்காமல் இருப்பது தெய்வக் குற்றம் என்கிற அளவுக்கு யோசனை வளர்ந்தபோது, சைக்கிள் தவறணை வேலியில் சாத்தியிருந்தது.

"சாமி!" என்று உள்ளே இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். யாரோ ஒருவன் பகிடியாகக் கும்பிட்டான். ஓலைப் பிளாவில் கள் வந்தது. வாயருகே கொண்டுபோனார். நுரை மீசையைத் தொட்டது.

அந்த இடத்தில் கை நின்றது. தடுக்க யாராவது இருக்கிறார்களா என்று அவர் உண்மையாகவே சுற்றிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. இத்தனை நாளும் புலிமேல் இருந்தவர் தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பியிருந்தார். இப்போது கையை யாரும் பிடிக்கவில்லை. குடித்தால் குடிக்கலாம், குடித்தால் சறோ போய்விடுவாள், அவ்வளவுதான். அவருக்குப் பயம் பிடித்தது, அதைவிட வெட்கம் பிடித்தது. பிளாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுப் படலையில் சறோஜினிதேவி நின்றாள். கிட்ட வந்து மூக்கைச் சுருக்கினாள்.

"மீசையிலை என்ன?"

குடித்துவிட்டு வந்த காலத்தில் அரியநாயகம் எத்தனையோ அழகான பொய் சொல்லியிருக்கிறார். செத்த வீட்டில் வற்புறுத்தினார்கள், வயிற்றுக்குத்துக்கு வைத்தியர் சொன்னார் என்று ஒன்றும் தடக்குப்படாமல் வரும். இன்றைக்கு உள்ளதைச் சொல்லும்போதுதான் நாக்குக் குழறியது.

"சறோ, நான் குடிக்கேல்லை. அது... ஐயப்பன் ஐயப்பன் இல்லையாம். ஆள் மாறிப் போச்சுது."

சொல்லி முடித்தபோது அவருக்கே அது நம்பும்படியாக இல்லை. சறோஜினிதேவி சத்தம் போடவில்லை. அவரிடம் யூலியானாவின் நம்பரை வாங்கிப் போன் எடுத்தாள். "ஓமோ பிள்ளை... ஓமோ..." என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

"நீங்கள் சொன்னது மெய்தான்."

"நான் அப்பவே சொன்னனான்! ஒரு சொட்டுக்கூட—"

"குடிக்காததும் மெய்யாய்த்தான் இருக்கும். உங்களைப் பாக்கத் தெரியுது. ஆனால் சத்தியம் செல்லாதெண்டு நினைச்சுத்தானே போனனீங்கள்?"

அவர் மீசையைத் துடைத்தார்.

"உங்கடை சத்தியம் செல்லாதெண்டால் அதை நம்பி நான் வந்ததும் செல்லாது" என்றாள். உள்ளே போய்ப் பைக்குள் நாலு சேலையை வைத்தாள்.

குறிகட்டுவானில் இருந்து வந்த பஸ் நயினாதீவுக்குப் போய்த் திரும்பும் சனத்தால் நிறைந்திருந்தது. யாரோ நகர்ந்து இடம்விட, அவள் யன்னலோரம் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பின்னாலேயே ஓடிவந்து ஏறிய அரியநாயகத்துக்குச் சேர்ட்டில் இரண்டு பொத்தான் போடவில்லை, ஒரு காலில் சறோவின் செருப்பு. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"சறோ, இறங்கும். வேறை சாமியிலை சத்தியம் பண்ணுறன். அசல் ஐயப்பனிலை. நயினாதீவு அம்மனிலை. உமக்கு எந்தச் சாமி வேணும்?"

"அவையை விடுங்கோ. அவை எல்லாருக்கும் நீங்கள் சொல்லியாச்சு." அவள் யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "முப்பத்துநாலு வருசத்திலை என்னட்டை ஒருக்காலும் சொல்லேல்லை. நான் பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அரியநாயகம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான்.

"அப்ப உம்மடை தலையிலை அடிச்சு—"

"ஒண்டிலையும் அடிக்க வேண்டாம். என்னைப் பாத்துச் சும்மா சொல்லுங்கோ."

இவ்வளவுதானா என்று வாயைத் திறந்தவருக்குச் சத்தம் வரவில்லை. தெய்வங்களிடம் சொல்வது சுகம், அவை திருப்பிப் பார்ப்பதில்லை. சறோஜினிதேவி இப்போது முகத்தைத் திருப்பி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல ஏலாது, சொன்னால் சொன்னதுதான் என்று அவருக்கு விளங்கியது. பஸ் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் வந்துவிட்டது.

"இனிக் குடிக்கமாட்டன் சறோ."

"கேக்கேல்லை. பஸ் இரையுது."

"இனிக் குடிக்கமாட்டன்!"

பஸ்ஸில் போட்டிருந்த பாட்டைக் குறைத்துவிட்டு ட்ரைவர் கண்ணாடியில் பார்த்தார். சனம் முழுக்கத் திரும்பியது. பின் சீற்றில் இருந்து ஒருவர் பெரிதாக "அரோகரா!" என்றார். அரியநாயகத்தின் காது சிவந்து, கண்ணும் கலங்கிவிட்டது. அவர் துடைக்கவில்லை.

சறோஜினிதேவி பையை எடுத்து மடியில் வைத்தாள். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார். கொண்டக்டர் நெரிசலுக்குள்ளால் வந்து சேர்ந்து, "அக்கா, எங்கை?" என்று கேட்டார்.

"மண்கும்பான் ரெண்டு" என்று காசை நீட்டினாள். "பின்னேரம் எத்தினை மணிக்குத் தம்பி திரும்பி வாறியள்?"